எந்தச் செட்டு உசத்தி?

"எந்தச் செட்டுங்க உசத்தி?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

ஜமீலா டீயை ஊதினார்.

"மூணும் உங்க சுவத்துப் பலகையிலதான் இருக்குது. மூணையும் கேட்டுட்டேன். இதைக் கேக்கறப்ப இது நல்லா இருக்குது, அதைக் கேக்கறப்ப அது நல்லா இருக்குது. நீங்களே சொல்லிப்போடுங்க."

"உங்க டீ ஆறுதுண்ணா."

"டீ கெடக்குதுங்க. செட்டு?"

ஜமீலா ஒரு மிடறு குடித்தார். அவ்வளவுதான் பதில்.

செட்டு என்றால் காரின் முன்பலகையில் பதித்துப் பாட்டுக் கேட்கிற பெட்டி. கோயம்புத்தூர் உக்கடத்தில் அதை விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால் எல்லாக் கடையிலும் சொல்வார்கள். கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஜமீலா மட்டும் சொல்ல மாட்டார். பாலிடெக்னிக்கில் படித்தவர், சினிமா தியேட்டர்களுக்கு ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருந்தவர், பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். நாற்பதைத் தொடாத வயசு. இது நல்ல செட்டு, அது மட்டமான செட்டு என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அப்படியும் ஊரில் உள்ள பாட்டுப் பைத்தியங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவர் கடையில்தான் வந்து உட்காரும்.

நாச்சிமுத்து அந்தப் பைத்தியங்களில் மூத்தவர். ஐம்பதைத் தாண்டியவர். சிங்காநல்லூரில் கிரைண்டர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் குளித்து, விபூதி பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிற பயபக்தியோடு ஜமீலா கடைக்குப் போய்விடுவார். தன்னைவிட வயசில் சின்னவரை "குருவே" என்று வேறு கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"அப்படிக் கூப்பிடாதீங்கண்ணா."

"சரிங்க குருவே."

ஜமீலா அதோடு விட்டுவிட்டார்.

ஒரு வருஷத்துக்குள் நாச்சிமுத்து நாலு செட்டு மாற்றியிருந்தார். ஐந்தாவது எது என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஆசைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜமீலாவும் அப்படித்தான் நினைத்தார். உண்மைக் காரணம் வீட்டில் இருந்தது.



நாச்சிமுத்துவின் மனைவி வசந்தாமணி பாடுவார்.

மேடையில் அல்ல, காரில்.

கார் வாங்கிய புதிதில், கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்த சாதா செட்டுதான் இருந்தது. மருதமலைக்குப் போனாலும் சரி, பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் சரி, வசந்தாமணி வழியெல்லாம் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே வருவார். வரி மறந்துபோனால் நிறுத்த மாட்டார். சொந்தமாக ஒரு வரியைப் போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போவார். ஒருமுறை காதல் பாட்டில் முருங்கைக்காய் வந்துவிட்டது. நாச்சிமுத்து சிரித்த சிரிப்பில் கார் ஓரங்கட்டி நின்றது.

அவருக்கு உலகத்திலேயே ரொம்பப் பிடித்த சத்தம் அது.

அந்தக் குரலுக்கு இன்னும் நல்ல செட்டு வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. மாற்றினார்.

அன்றைக்கே வசந்தாமணியின் பாட்டு நின்றுபோனது.

"ஏனுங்க, எடது காதுலயே வந்து அடிக்குதுங்க," என்றார் வசந்தாமணி.

அடுத்த செட்டு வந்தது.

"இதும் அப்படித்தானுங்க இருக்குது."

மூன்றாவது வந்தபோது வசந்தாமணி கைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து உருட்டி இடது காதில் வைத்துக்கொண்டார்.

நாலாவதுக்கு முன்னால் நாச்சிமுத்து அவரைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"காது நல்லா சுத்தமா இருக்குது. வேணும்னா நீங்க வந்து உக்காருங்க, உங்களுதையும் பாத்தர்றேன்."

"எனக்கு எதுக்குங்க?" என்றார் நாச்சிமுத்து.

நாலாவது செட்டுக்கும் பஞ்சுதான்.

இப்போது மைசூர் வேறு வந்து சேர்ந்தது. கல்யாணமான புதிதில் மைசூர் அரண்மனை விளக்கைக் காட்டுகிறேன் என்று வசந்தாமணிக்குச் சொல்லியிருந்தார். பிறகு கடை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளின் பரீட்சை வந்தது, மைசூர் மட்டும் வரவில்லை. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இருவர் மட்டும் காரில் போவதாக முடிவாகியிருந்தது.

"வாரேன்," என்றார் வசந்தாமணி. "ஆனா அந்தப் பொட்டி பாடுச்சுன்னா நான் பஸ்ஸுல வாரேன். நீங்க காருல வாங்க. மைசூர்ல பாத்துக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நாச்சிமுத்து நினைத்தார். மறுநாள், காந்திபுரத்தில் மைசூர் பஸ் எப்போது எடுக்கிறார்கள் என்று வசந்தாமணி விசாரித்து வைத்திருப்பது தெரிந்தது.

சரியான செட்டு கிடைத்துவிட்டால் வசந்தாமணி பாடிவிடுவார். அதற்கு மேல் நாச்சிமுத்துவுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

இதையெல்லாம் குருவிடம் சொன்னாரா? சொல்லவில்லை. வீட்டுச் சங்கதியைக் கடையில் போய்ப் பேசுவதாவது!



அந்த ஞாயிற்றுக்கிழமை ஜமீலா டீக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. செட்டுகளை அதில் பதித்திருப்பார்கள். கீழே ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் ஒரே பாட்டு ஒவ்வொரு செட்டிலிருந்தும் மாறி மாறி அதே ஸ்பீக்கரில் வரும்.

"எப்படிக் கேட்டீங்க?" என்றார்.

"மூணுலயும் சத்தத்தை இருபதுல வச்சுக் கேட்டனுங்க. ஒண்ணுக்கு எச்சா வைக்கல, ஒண்ணுக்குக் கம்மியா வைக்கல. என்கிட்டப் பட்சபாதமே கெடையாதுங்க."

ஜமீலா முதல் செட்டைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார்.

"ரெண்டாவதுதானுங்க! என்னமாப் பாடுது!"

ஜமீலா இரண்டாவது செட்டில் சத்தத்தைத் துளி குறைத்தார். முதலாவதில் துளி கூட்டினார். குமிழைத் திருப்பினார்.

"இப்ப?"

நாச்சிமுத்து தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"மொதலாவதுங்க."

ஜமீலா அதைக் குறைத்து இதைக் கூட்டினார்.

"இப்ப?"

"ரெண்டா..." நாச்சிமுத்து நிறுத்தினார். பலகையைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். ஜமீலாவின் விரலைப் பார்த்தார்.

"குருவே."

"சொல்லுங்க."

"இந்த இருபதும் அந்த இருபதும் ஒண்ணில்லைங்களா?"

"டீ ஆறுதுண்ணா."

"எது சத்தமா இருக்குதோ அதை நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கனுங்களே!"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏமாந்துபோனதற்காக இவ்வளவு மகிழ்ந்துபோகிற மனிதரை ஜமீலா பார்த்ததில்லை. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பியவர், பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து, "நாலு செட்டும் இப்படித்தானுங்க வாங்கியிருக்கேன்!" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

அந்த வாரம் கிரைண்டர் வாங்க வந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டியதாயிற்று. "இருபதும் இருபதும் ஒண்ணில்லைங்க," என்று நாச்சிமுத்து கண்ணை விரித்துச் சொல்வார். அவர்கள் தலையாட்டிவிட்டு, கிரைண்டர் எப்போது வீட்டுக்கு வரும் என்று கேட்டார்கள்.



அடுத்த ஞாயிறு வந்தவுடன் கேட்டார்.

"சத்தத்தை விடுங்க குருவே. வசதிய வச்சுப் பாத்தா எந்தச் செட்டுங்க உசத்தி?"

ஜமீலா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். டீ வந்தது.

நாச்சிமுத்து வாரம் முழுக்கப் படித்து வைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணாவது, பெரிய திரைங்க. போன்ல இருக்கற மேப்பு அப்படியே திரையில வந்துருது. ரெண்டாவதுல விளக்குக் கலரை மாத்திக்கலாம். மூணாவதுகிட்டப் பேசலாமுங்க, பதில் சொல்லுது. அப்பறம் ஈக்குவலைசரு. அப்பறம் எந்த சீட்டுல உக்காந்து கேக்கறமோ அதுக்குத் தகுந்த மாதிரி சத்தத்தைத் திருப்பி வைக்கலாம். காரு படம் ஒண்ணு வருது, சீட்டைத் தொட்டாப் போதும், பாடறவரு முன்கண்ணாடிக்கு நேரா வந்து நின்னுக்கறாரு. அது எங்கிட்ட இருந்த நாலு செட்டுலயும் இருந்துச்சுங்க. பூட்டினதும் மொத வேலை அதானுங்க எனக்கு. அப்பறம் பின்னாடி கேமரா..."

"நேத்து கார்ல போனீங்களா?"

"போனனுங்க."

"எதையெல்லாம் தொட்டீங்க?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"சத்தத்தைக் கூட்டினேன்."

"அப்புறம்?"

"போன் வந்துச்சுங்க. குறைச்சேன்."

ஜமீலா உள்ளே போனார். ஈரம் காய்ந்த ஒரு துண்டோடு வந்தார். பலகையின் மேல் அதைப் போட்டு எல்லாச் செட்டுகளையும் மூடினார். கையைத் துண்டுக்குள் விட்டு, இந்த முறை சத்தத்தை ஒரே அளவாக வைத்து, குமிழைத் திருப்பினார்.

"எதுண்ணா நல்லா இருக்கு?"

ஒன்று பாடியது. நாச்சிமுத்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது பாடியது. பரவாயில்லை என்று கையாட்டினார். அடுத்தது பாடியதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"இதானுங்க! பெரிய திரை. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். காசு போட்டதுக்கு ஒரு தெளிவு இருக்குதுங்களே, அது எங்க போகும்?"

ஜமீலா துண்டை எடுத்தார்.

பலகையின் மூலையில், தூசி தட்டாமல், ஒரு சின்னச் செட்டு பாடிக்கொண்டிருந்தது. அதற்குத் திரையே இல்லை. ரெண்டே ரெண்டு குமிழ்தான். நாச்சிமுத்து அதைத் தெரிந்துகொண்டார். கார் வாங்கும்போது கம்பெனியில் வைத்துக் கொடுத்ததும், அவர் முதன்முதலில் கழற்றித் தூரப் போட்டதும் அதே ரகம்தான்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஜமீலாவுக்கே வாய் கோணியது. சிரிப்பை அடக்க அவர் டீயை எடுத்துக்கொண்டார்.

"கண்ணுதானுங்க கேட்டிருக்குது இத்தனை நாளும்!"

"குடிங்கண்ணா."

"குடிக்கறனுங்க. ஆனா குருவே..."

"ம்?"

"அப்ப எந்தச் செட்டுங்க உசத்தி?"



மாசத்தின் கடைசி ஞாயிறு.

நாச்சிமுத்து வந்தார். உட்கார்ந்தார். டீ வந்தது. சூடாக இருக்கும்போதே குடித்துவிட்டார்.

ஜமீலா நிமிர்ந்து பார்த்தார். இப்படி நடந்ததே இல்லை.

"இன்னிக்குக் கேள்வி இல்லைங்களா?"

"கேட்டு என்னங்க பண்றது. எந்தச் செட்டு வாங்கினாலும் அவ பஸ்ஸுலதான் போவா."

"யாரு?"

"வூட்டுல."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். மைசூர், அரண்மனை விளக்கு, காந்திபுரத்தில் விசாரித்த பஸ் எல்லாம் வந்தன. வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தவர் வாயை மூடிக்கொண்டு வருகிறார் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. உடனே அதைச் சரிபண்ணிக்கொண்டு கோபமாக்கினார்.

"அவளுக்கு ரசனையே இல்லாமப் போச்சுங்க. எத்தனை செட்டு மாத்தினாலும் எடது காதுலயே அடிக்குதுங்கறா. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, காது சுத்தமா இருக்குதுன்னுட்டாரு. இதுக்கு மேல நான் என்னுங்க பண்ணட்டும்?"

ஜமீலாவின் டீ பாதி இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார்.

"எந்தக் காது?"

"எடதுங்க."

"எப்பவும் எடதுதானா?"

"எப்பவும்."

"கார் எங்க?"

"வெளியதான் நிக்குதுங்க."

ஜமீலா கையை நீட்டினார். நாச்சிமுத்து சாவியைக் கொடுத்தார்.

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் ஜமீலா காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்குக்கு முன்னால், நாச்சிமுத்துவின் இடத்தில்.

நாச்சிமுத்து வலப்பக்கக் கதவருகே போய் நின்றார். பழக்கத்தில் கைப்பிடியைக்கூடப் பிடித்துவிட்டார்.

"குருவே, வண்டி ஓட்டப் போறீங்களா?"

ஜமீலா பக்கத்து இருக்கையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

நாச்சிமுத்து காரைச் சுற்றி வந்தார். இடப்பக்கக் கதவைத் திறந்தார். இந்தக் கதவை அவர் எத்தனையோ முறை திறந்திருக்கிறார், வசந்தாமணி ஏறுவதற்காக. அதன் வழியாக அவர் ஏறியதே இல்லை.

உட்கார்ந்தார். முட்டி எங்கே இடிக்கும் என்று தெரியவில்லை. கதவுப் பையில், குமட்டினால் மோந்து பார்க்க வைத்த ஒரு எலுமிச்சம்பழம் வாடிக் கிடந்தது. ஒரு கொண்டை ஊசி. ஒரு பஞ்சுப் பொட்டலம். தன் காரிலேயே அவர் விருந்துக்கு வந்த ஒரம்பரை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜமீலா பாட்டைப் போட்டார்.

நாச்சிமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. எந்தக் கடைக்குப் போனாலும் செட்டைச் சோதிக்க அதைத்தான் போடச் சொல்வார். முதலில் புல்லாங்குழல். அது கொஞ்சம் உலாத்தி முடித்ததும், பாடகர் வந்து கண்ணாடிக்கு நேராக நின்று பாடுவார்.

நாச்சிமுத்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பாடகர் வரவில்லை.

கதவுக்குள்ளிருந்து வந்தார். குழல், தபலா, பாடகர் எல்லாரும் இடது கதவுக்குள் அடைத்துவைத்த மாதிரி, மொத்தமாக அவர் இடது காதில் வந்து விழுந்தார்கள். வலது காது சும்மா இருந்தது.

"ஸ்பீக்கர் போச்சுங்களா?"

"இல்ல."

"வரும்போது நல்லாப் பாடுச்சுங்களே!"

"இப்பவும் நல்லாத்தான் பாடுது." ஜமீலா சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "எனக்கு நேரா நின்னு பாடறார்."

நாச்சிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். கண் பாதி மூடியிருந்தது. முகத்தில் ஒரு சுகம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் முகம் அப்படித்தான் ஆகும். நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா?

பாட்டில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும்புகிற இடம் வந்தது. அவருக்கு உயிரான இடம் அது. எப்போதும் அங்கேதான் சத்தத்தைக் கூட்டுவார்.

ஜமீலாவும் கூட்டினார்.

நாச்சிமுத்துவின் கை தானாக மேலே போய் இடது காதைப் பொத்தியது.

பொத்திய கை அங்கேயே நின்றது.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அவர் மெதுவாக அந்தக் கையைக் காதிலிருந்து எடுத்து, முகத்துக்கு முன்னால் வைத்து, யாருடைய கை என்று தெரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு கதவுப் பையில் இருந்த பஞ்சுப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"அட சாமி," என்றார்.

ஜமீலா திரையைத் தொட்டார். மேலே இருந்து பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கார்ப் படம் வந்தது. அதில் நாலு இருக்கைகள். ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. முன்பக்கம், வலது.

நாலு செட்டிலும் அவரே, தன் விரலாலேயே, ஆசையாகத் தொட்டு ஏற்றிய விளக்கு.

நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரிடம் வேறு கூட்டிக்கொண்டு போனாரே! அதே சமயம், அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி மேலே வந்தது. அவளுக்குக் காது நன்றாக இருக்கிறது. ரசனை நன்றாக இருக்கிறது. அவளிடம் எதுவுமே கெட்டுப்போகவில்லை. கண் கலங்கி, வாய் சிரித்து, மூக்கு ஒழுகி, முகம் ஒரு நிலைக்கு வர நேரமாயிற்று.

"நடுவுலயும் வச்சுக்கலாம்ணா," என்றார் ஜமீலா. "ரெண்டு பேருக்கும் பொதுவா. ஒருத்தருக்கும் அவ்வளவு நேரா நிக்காது. ஆனா யாருக்கும் நோவாது."

நாச்சிமுத்து விரலை நீட்டினார். விரல் நடுவுக்குப் போனது. அங்கே நிற்காமல் தாண்டிப் போய், தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தொட்டது.

பாடகர் வந்து கண்ணாடிக்கு நேராக நின்றார்.

"நாலு செட்டு நானே கேட்டுட்டனுங்க," என்றார் நாச்சிமுத்து.

அவர் இறங்கி, காரைச் சுற்றி, ஜமீலா இறங்கிய இடத்தில் ஏறினார். வண்டியைக் கிளப்பினார். நகரும்போது ஜமீலா ஜன்னலைத் தட்டினார்.

"எந்தச் செட்டுன்னு கேக்கவே இல்லையே?"

"வெள்ளிக்கிழமை கேட்டுட்டு வந்து சொல்றனுங்க!"



வெள்ளிக்கிழமை விடிந்ததும் வசந்தாமணி புதுச் சேலை கட்டிக்கொண்டு, பையோடு வாசலில் நின்றார்.

"பாட்டுப் போடுவீங்களா?"

"போடுவேன்."

"அப்ப காந்திபுரத்துல எறக்கி விட்டுருங்க."

"பண்ணாரி வரைக்கும் வா வசந்தா. மைசூர் பஸ்ஸெல்லாம் பண்ணாரியில நின்னுதான் மலையேறும். புடிக்கலீன்னா நானே ஏத்தி விட்டர்றேன்."

"சத்தியமா?"

"பண்ணாரியம்மன் மேல சத்தியமா."

வசந்தாமணி அவரை மேலும் கீழும் பார்த்தார். பஞ்சை உருட்டி இடது காதில் வைத்துக்கொண்டு ஏறினார்.

நாச்சிமுத்து பாட்டைப் போட்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பக்கத்தில் திரும்பவே கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். கிரைண்டர் விற்கிறவருக்கு அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை.

அன்னூர் வந்தது. போனது.

அன்னூர் தாண்டியதும் கண்ணோரத்தில் ஒரு வளையல் அசைந்தது. வசந்தாமணி பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, காதைக் கொஞ்ச நேரம் காலியாக விட்டுப் பார்த்தார். மறுபடி வைக்கவில்லை.

புளியம்பட்டியில் ஒரு முனகல் கேட்டது. நாச்சிமுத்து மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றுப் பாலம் ஏறும்போது முனகலுக்குச் சொல் வந்தது. பாலம் இறங்கும்போது வசந்தாமணி வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துபோனது. நிறுத்தவில்லை. நிலாவைப் பற்றிய வரி இருந்த இடத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போனார்.

நாச்சிமுத்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் கார் மறுபடி ஓரங்கட்டி நின்றிருக்கும். ஒரு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது பக்கத்து இருக்கையில் வெங்காயம் பாடிக்கொண்டிருந்தது.

பண்ணாரி வந்தது. கோயிலுக்கு எதிரே மைசூர் பஸ் நின்றிருந்தது. சொன்ன சொல்லுக்காக அவர் காரை மெதுவாக்கினார்.

"ஏனுங்க நிறுத்தறீங்க?"

"பஸ்ஸு."

"எந்தப் பஸ்ஸு?"

"நீ போறேன்னியே."

வசந்தாமணி காருக்குள் இருந்தபடியே கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

"போங்க. பாட்டு பாதியில இருக்குது."

திம்பம் கொண்டையூசி வளைவுகளில் கார் ஏறியது. வளைவுக்கு ஒரு பாட்டு என்று வசந்தாமணி பாடினார். எலுமிச்சம்பழம் கதவுப் பையிலேயே கிடந்தது. ஆசனூர் தாண்டிக் காட்டுக்குள் ரோடு நேராகப் படுத்ததும்தான் அவருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்தார்.

"ஏனுங்க, இன்னிக்குத்தான் பாட்டு ரெண்டு காதுலயும் கேக்குது. எதுக்கால வந்து நின்னு பாடற மாதிரி இருக்குது. எந்தச் செட்டுங்க இது?"

"பழசுதான்."

"பழசா?"

"நாலாவது. மாத்தவே இல்ல."

வசந்தாமணி செட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

நாச்சிமுத்துவின் இடது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. வலது கை வலது காதில் இருந்தது. எப்போது போனதென்று அவருக்கே தெரியாது.

காதில் வைத்த கை என்னவென்று வசந்தாமணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைப்பையைத் திறந்தார். பஞ்சில் புதிதாக ஒரு துண்டு கிள்ளி, பதமாக உருட்டினார்.

"இந்தாங்க."

நாச்சிமுத்து அதை வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டார்.

வசந்தாமணி விட்ட இடத்திலிருந்து, அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில், பாட ஆரம்பித்தார்.

"இப்ப எப்படிங்க கேக்குது?"

"வசந்தா," என்றார் நாச்சிமுத்து, "இதாம் புள்ள உசத்தியான செட்டு."